செடியோரத்து நான்கு விரற்கடை

வரிசையாக விதைத்த வயலில் களை எடுப்பது என்பது பார்வைக்கு ஒரே வேலையாகத் தெரிந்தாலும், உண்மையில் அது இரண்டு வேலைகள். இரு வரிசைகளுக்கும் நடுவிலுள்ள அகன்ற இடைவெளியைக் கிளறுவது முதல் வேலை. அதை மாட்டு ஏரும் செய்யும், டிராக்டரில் பூட்டிய கொத்துக் கலப்பையும் (கல்டிவேட்டர்) செய்யும், கையால் ஓட்டும் பவர் வீடரும் செய்யும். செடியின் தண்டை ஒட்டி இருபுறமும் நான்கு விரற்கடை அகலத்தில், அதாவது ஏழெட்டு சென்டிமீட்டரில், கிடக்கும் மண்ணைச் செடிக்குச் சேதமின்றிக் கிளறுவது இரண்டாவது வேலை. கடந்த முந்நூறு ஆண்டுகளாகக் களைக் கருவி செய்தவர்களின் மூளையைக் கசக்கியது இந்த இரண்டாவது வேலைதான். கொத்துக் கலப்பைகளில் கூடுதலாக மாட்டப்படும் காப்புத் தகடு, ஓரக் கத்தி, சட்டி எனப்படும் குழிந்த சிறு வட்டத் தகடு, ரப்பர் விரல் சக்கரம், கம்பிச் சுருள் முதலிய துணைப்பாகங்கள் அனைத்தும் அந்தக் குறுகிய பட்டையைக் குறிவைத்துப் பிறந்தவையே.

அந்தப் பட்டை எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இருபுறமும் சேர்த்து 15 சென்டிமீட்டர் தொடாமல் விட்டுவிட்டால், 75 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியுள்ள வயலில் ஐந்தில் ஒரு பங்கும், 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கில் ஒரு பங்கும், நிலக்கடலைக்கு வழக்கமான 30 சென்டிமீட்டர் இடைவெளியில் சரிபாதியும் கிளறாத நிலமாக நின்றுவிடும். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓர் ஏக்கருக்குள் இருக்கும் வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் வரும். அந்தத் தொலைவு முழுவதையும் குனிந்தபடியோ குத்துக்காலிட்டு அமர்ந்தபடியோ களைக்கொத்துடன் கடப்பவரின் முதுகிலும் முழங்காலிலும்தான் அந்தக் கணக்கு முடிகிறது. மேலும், செடிக்கு இட்ட உரமும் நீரும் போய்ச்சேருவது அந்தப் பட்டையில்தான் என்பதால், நடுவில் முளைத்த களையைவிட வேரோடு வேராக நிற்கும் களையே பயிரிடமிருந்து அதிகம் பறிக்கிறது. பரப்பில் சிறியதாக இருப்பதாலேயே அதை அலட்சியம் செய்யலாகாது.

இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் 1701 வாக்கில் விதைப்பான் ஒன்றை உருவாக்கியதாகப் பள்ளிப் பாடங்கள் சொல்லும். ஆனால் அவருடைய நோக்கம் விதைப்பதோடு முடியவில்லை. தெற்கு ஐரோப்பாவில் திராட்சை வரிசைகளுக்கு நடுவே உழுவதைக் கண்டுவந்த அவர், தானியப் பயிரையும் வரிசையில் விதைத்தால் குதிரை பூட்டிய கருவியை இடையே ஓட்டலாம் என்று கருதி, அந்த முறையை 1731இல் நூலாகவும் வெளியிட்டார். மண்ணின் நுண்துகள்களையே செடி உண்கிறது, எனவே மண்ணைப் பொடியாக்கப் பொடியாக்கச் செடிக்கு உணவு பெருகும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு. அதிலிருந்து அவர் அடைந்த, எருவே வேண்டாம் என்ற முடிவும் தவறு. ஆயினும் இடையுழவு பயன் தந்தது. களை அழிந்ததே அதற்கு முதன்மைக் காரணம். விதைப்பானும் களைக் கருவியும் ஒரே அமைப்பின் இரண்டு பாதிகள் என்பதை அவர் நடைமுறையில் காட்டிவிட்டார். நம் ஊர்களில் இன்றும் இவ்விரண்டையும் தனித்தனியாக வாங்கி, தனித்தனியாகப் பார்த்து ஏமாறுவதுதான் வழக்கம். அதைப் பிறகு பார்க்கலாம்.

கருவிகளுக்குப் போகும் முன் களை எப்படிச் சாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரும்பு மூன்று வழிகளில் மட்டுமே களையைக் கொல்லும்: தண்டையோ வேரையோ அறுக்கலாம், வேரோடு பிடுங்கி வெயிலில் காயவிடலாம், மண்ணால் மூடிப் புதைக்கலாம். நான்கு விரற்கடைக்குள் அறுப்பதற்கு இடமில்லை, ஏனெனில் களையை அறுக்கும் கத்தி பயிரையும் அறுத்துவிடும். எஞ்சியவை பிடுங்குவதும் புதைப்பதும். இவை இரண்டும் பயிருக்கும் களைக்கும் இடையே ஒரு வேற்றுமை இருந்தால்தான் பயன்படும். பயிர் உயரமாகவும் களை குட்டையாகவும் இருந்தால், இரண்டு சென்டிமீட்டர் மண் விழும்போது களை மூடப்படும், பயிர் தலைதூக்கி நிற்கும். பயிரின் வேர் ஊன்றி, களையின் வேர் ஊன்றாமல் இருந்தால், இரண்டையும் ஒரே விசையில் தள்ளும் கருவி களையை மட்டும் பெயர்க்கும். கருவிக்குச் செடி தெரியாது, அந்த வேற்றுமை மட்டுமே தெரியும். எனவே வெண்ணிற நூல் போல மண்ணுக்கடியில் நெளிந்துகொண்டிருக்கும் பருவத்திலும், இரண்டு விதையிலை விரித்த பருவத்திலும் களையை எட்டிப்பிடித்தால் எளிய கருவியே போதும். நான்கைந்து இலை வந்தபிறகு எந்தத் துணைப்பாகத்தை மாட்டினாலும் பலன் பாதியாகிவிடும். வட ஐரோப்பாவில், குறிப்பாக டென்மார்க்கில், இதைப் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. எத்தனை களை செத்தது என்பதோடு, அதற்காகப் பயிர் எவ்வளவு மண்ணுக்குள் மூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தே அங்கு ஒரு கருவியை மதிப்பிடுகிறார்கள். அது சரியான அளவுகோல் என்றே தோன்றுகிறது.

இந்தக் கருவிகள் செழித்து வளர்ந்த இடம் அமெரிக்காவின் மக்காச்சோள மாநிலங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே முடிச்சுகள் போட்ட நீண்ட கம்பியை வயலின் குறுக்கே இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சும் விதைப்பானைத் தட்டும்போது ஒரு குத்து விதை விழும்படி செய்தார்கள். இதனால் குத்துகள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நேர்கோட்டில் அமைந்தன. குதிரை நடக்க வேண்டியிருந்ததால் வரிசைகளுக்கு இடையே ஒரு மீட்டரளவு இடைவெளி விடப்பட்டது. நீளவாக்கில் மட்டும் ஓட்டினால் 15 சென்டிமீட்டர் பட்டை முழுவதும், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பங்கு நிலம், தொடப்படாமல் நிற்கும். குறுக்கேயும் ஓட்டினால் ஒவ்வொரு குத்தையும் சுற்றிய சிறு சதுரம் மட்டுமே, நூற்றுக்கு இரண்டே கால் பங்கு, எஞ்சும். கருவியில் எந்த நுட்பமும் சேர்க்காமல், நடவு வடிவத்தால் மட்டுமே சிக்கலைச் சுருக்கிய உத்தி இது.

தமிழக வாசகருக்கு இந்தச் சதுரம் புதிதல்ல. மடகாஸ்கரில் 1983 வாக்கில் ஹென்றி டி லாலனி என்ற பாதிரியார் வடிவமைத்த நெல் நடவு முறை, இங்கே திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்று, 14 நாள் நாற்றை 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒற்றையாக நடச்சொல்கிறது. நாற்றுக்கு இடம் கொடுப்பது அதன் ஒரு நோக்கம் என்றால், கையால் தள்ளி உருட்டும் களைக் கருவியான கோனோவீடரை இரு திசையிலும் உருட்ட வழி செய்வது இன்னொரு நோக்கம். கருவியின் அகலம் 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு திசையில் உருட்டும்போது மூன்றில் ஒரு பங்கு மண் எஞ்சுகிறது. இரு திசையிலும் உருட்டினால் ஒன்பதில் ஒரு பங்குதான். கயிறு பிடித்துச் சதுரம் பார்த்து நடுவதற்கு நடவாட்கள் முகம் சுளிப்பது உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் கயிற்றைக் கைவிட்டு, ஒரு திசைக்கு மட்டும் வரிசை விட்டு நட்டுவிட்டு, கோனோவீடர் சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

அமெரிக்காவில் 1924இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபார்மால் டிராக்டர் குதிரையின் கடைசி வேலையையும் எடுத்துக்கொண்டது. அதுவரை வந்த டிராக்டர்களில் பெரும்பாலானவை உழவுக்கும் கதிரடிப்புக்கும் உதவினவேயன்றி, நிற்கும் பயிருக்குள் நுழைய முடியாதவை. உயரமான அச்சும், ஒடுங்கிய முன்சக்கரமும் கொண்ட ஃபார்மால், வரிசைகளின் மேல் கால் பரப்பி நின்று ஓடியது. வேகம் கூடியதும் முன்பு பெரிதாகத் தெரியாத ஒரு தொல்லை பெரிதாயிற்று: கொழு எறியும் மண் எவ்வளவு தூரம் போகும் என்பது வேகத்தைப் பொறுத்தது. மாட்டின் நடையில் ஓரமாகச் சரியும் மண்கட்டி, டிராக்டரின் ஓட்டத்தில் பறந்துபோய் மூன்றிலைப் பயிரின் மேல் விழுந்து அதை அமுக்கிவிடும்.

இதற்கான விடைதான் காப்புத் தகடு. வரிசையின் இருபுறமும், செடிக்கும் கொழுவுக்கும் நடுவே, தரையைத் தொட்டபடி ஓடும் இரண்டு இரும்புத் தகடுகள் என்பதே அதன் அடிப்படை வடிவம். சங்கிலியிலோ கீல் வைத்த கைகளிலோ தொங்கவிடப்பட்டிருப்பதால், மேடு பள்ளத்துக்கேற்ப அவை தாமாக ஏறி இறங்கும். கூர்ந்து செய்தவர்கள் தகட்டின் அடிவிளிம்பில் இடைவெளிகள் வெட்டி, பெரிய கட்டிகளைத் தடுத்து, பொடிமண்ணை மட்டும் செடியடிக்கு வழிந்துபோக விட்டார்கள்; மேலே சொன்ன புதைக்கும் வேலையை அந்தப் பொடிமண் செய்கிறது. மிகச் சிறிய நாற்றுகளுக்குக் கூடாரம் போல மேலும் மூடிய காப்புகள் உண்டு. முந்தைய பயிரின் தட்டையும் சருகும் கிடக்கும் வயலில் நிலைத்தகடு ஒரு பெரும் குறை காட்டும்: அதன் முனையில் சருகு சிக்கிக்கொண்டு, பந்தாகத் திரண்டு, காப்பாற்ற வந்த பயிரையே வழித்துக்கொண்டு போகும். அதனால்தான் உருளும் காப்புகள் வந்தன. பல் வைத்த வட்டத் தகடோ, ஆரக்கால் சக்கரமோ மண்ணின் மேல் தானாகச் சுழன்று, சருகின் மேல் ஏறிப் போய்விடுகிறது. செடி வளர வளர எல்லா வகைக் காப்பையும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். முதல் ஓட்டத்துக்கு வைத்த உயரத்திலேயே மூன்றாம் ஓட்டத்தையும் செய்பவர், வரிசைக்குள் மண்ணே விழவிடாமல் களையையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

தகட்டுக்கு அடுத்தது கத்தி. நடுவிடத்தைக் கிளறும் கொழு வாத்தின் கால்போல இருபக்கமும் இறக்கை விரித்தது; அதைச் செடியருகே கொண்டுபோனால் ஒரு இறக்கை வேரை அறுக்கும். எனவே வரிசையோரத்துக்கு ஒற்றை இறக்கைக் கொழுவைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வெட்டுப்பட்ட நேர்ப்பக்கம் செடியைப் பார்த்திருக்கும். காய்கறி, சர்க்கரைவள்ளிபோல் பருக்கும் சர்க்கரை பீட் ஆகியவற்றுக்கு வழங்கும் ஓரக் கத்தி இன்னும் நேர்த்தியானது. ஆங்கில எழுத்தான ‘எல்’ வடிவில் வளைந்த அந்தக் கத்தியின் செங்குத்தான கால் செடியை ஒட்டிச் செல்லும். கிடைமட்ட அலகு செடிக்கு எதிர்ப்புறமாக, வரிசை நடுவை நோக்கி நீண்டிருக்கும். செங்குத்துக் காலே காப்புத் தகடாகவும் ஆகிவிடுவதால், செடிக்கு ஐந்து சென்டிமீட்டர் அருகிலும் துணிந்து ஓட்டலாம். இறக்கை தட்டையாகப் படுத்திருந்தால் மண் புரளாமல் வேர் மட்டும் அறுபடும், நிமிர்ந்திருந்தால் மண் எறியப்படும் என்பது எல்லாக் கொழுவுக்கும் பொருந்தும் விதி. இளம் பயிருக்குத் தட்டையும், வளர்ந்த பயிருக்கு நிமிர்ந்ததும் ஏற்றவை. கொழு எதில் மாட்டப்படுகிறது என்பதும் முக்கியம். அதிரும் வில்லெஃகுத் தண்டு நடுவிடத்துக் களையை நன்றாக உதறிப்போடும். ஆனால் அது பக்கவாட்டிலும் ஆடும் என்பதால் செடியோரத்தில் விறைப்பான தண்டுதான் நம்பத்தகுந்தது. எவ்வாறாயினும் ஆழம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருப்பது நலம். ஆழமாக ஓட்டினால் நல்ல உழவு என்று நினைப்பவர்கள் பயிரின் மேல்வேரை வெட்டுவதோடு, அடியில் உறங்கும் களை விதைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முளைக்க வைக்கிறார்கள்.

வட்டச் சட்டிகள் இதே வேலையை உருண்டு செய்கின்றன. கையகலச் சட்டிகள் இரண்டை வரிசையின் இருபுறமும் சாய்த்து மாட்டி, முதல் ஓட்டத்தில் மண்ணைச் செடியிலிருந்து விலக்கி நடுவுக்கு எறிவார்கள். களையும் அத்துடன் போய்விடும், செடி ஒரு குறுகிய மேட்டில் நிற்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே சட்டிகளை இடம் மாற்றித் திருப்பி மாட்டி, விலக்கிய மண்ணை மீண்டும் செடியடிக்கு அணைப்பார்கள். இம்முறையில் இடைப்பட்ட நாட்களில் அந்தக் குறுகிய மேடு வேகமாகக் காயும் என்பதையும், சரிவான நிலத்தில் மழை வந்தால் வெட்டிய வாய்க்கால் வழியே மண் போய்விடும் என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து லிலிஸ்டன் நிறுவனம் புகழ்பெறச் செய்த உருளும் களைக் கலப்பை, சட்டிக்குப் பதிலாக வளைந்த பற்கள் கொண்ட சிலந்திச் சக்கரங்களை அடுக்கி, சாய்வை மாற்றுவதன் மூலமே மண்ணை விலக்கவும் அணைக்கவும் வழிசெய்தது.

அணைப்பது எப்போதும் நல்லதா என்ற கேள்விக்கு நிலக்கடலை இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. தமிழ்நாட்டில் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் பரிந்துரை. பூவிலிருந்து கிளம்பிக் காயாகும் விழுது மண்ணுக்குள் இறங்க மென்மையான மண் அருகில் வேண்டும், அதன்பிறகு மண்ணைக் கிளறக்கூடாது என்பது அதன் காரணம். ஜார்ஜியாவிலோ 1950களின் ஆய்வாளர்கள், கிளைகளின் மேல் மண்ணை எறிவது தண்டழுகல் பூஞ்சைக்கு வழி திறக்கிறது என்று கண்டு, செடிமேல் மண் விழாமல் களை வெட்டும்படி சொன்னார்கள். இலையும் கிளையும் மண்ணில் புதையும்போது அவை அழுகி, அந்தப் பூஞ்சைக்கு முதல் உணவாகின்றன. ஆகவே இவ்விரண்டும் உண்மையில் முரண்பட்டவை அல்ல. அடித்தண்டருகே பொடிமண்ணை மெல்லக் கூட்டுவது வேறு, கிளைகளையே மூடும்படி வேகமாக வாரி எறிவது வேறு. கையால் அணைக்கும் பெண் இந்த வேறுபாட்டை நினைக்காமலே காக்கிறார். டிராக்டரில் சட்டி மாட்டுபவர் நினைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை கண்ட எல்லாமே செடியை நெருங்கிச் செல்பவை. செடிக்கும் செடிக்கும் நடுவே, வரிசைக்குள்ளேயே நுழைபவை விரல் சக்கரமும் கம்பிக் களைக்கருவியும். மிச்சிகனின் பட்டிங் நிறுவனத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் விரல் சக்கரம், ரப்பராலோ நெகிழிப் பாலியூரித்தேனாலோ ஆன விரல்களைச் சுற்றிலும் கொண்ட ஒரு தட்டு. அதன் அடியிலுள்ள இரும்பு முட்கள் மண்ணில் பதிந்து உருளும்போது தட்டும் சுழல்கிறது. மோட்டார் ஏதும் இல்லை. இருபுறமிருந்தும் சாய்ந்து வரும் இரு தட்டுகளின் விரல்கள் வரிசைக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதுபோல் சென்று, மேல்மண்ணைத் தள்ளுகின்றன. நட்டு ஊன்றிய முட்டைக்கோஸ் நாற்று வளைந்து கொடுத்து நிமிர்கிறது, விதையிலைக் களை மண்ணோடு பெயர்ந்து போகிறது. விரல்கள் எவ்வளவு கோத்துக்கொள்கின்றன என்பதை மாற்றி வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கலிஃபோர்னியாவின் ஓரோசி என்னும் ஊரைச் சேர்ந்த பெஸரிடிஸ் நிறுவனம் பரப்பிய கம்பிக் களைக்கருவி இதைவிட எளியது: வளைத்த வில்லெஃகுக் கம்பிகள் இரண்டு, வரிசையின் இருபுறமும் மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடி, செடியடி மண்ணை நடுவில் பிதுக்கி உடைக்கின்றன. இரண்டுமே உதிரியான, சற்றுக் காய்ந்த மண்ணில் வியக்கத்தக்க வேலை செய்யும். ஈரக் களிமண்ணிலும், மழைக்குப் பின் மேலோடு கட்டிய செம்மண்ணிலும் அவற்றால் பயனில்லை. முன்னால் ஓரக் கத்தி போய் மண்ணைத் தளர்த்தி, அதன் பின்னால் இவை போனால்தான் விரலுக்கு வேலையிருக்கும். தனியே மாட்டிப் பார்த்துவிட்டுப் பொம்மை என்று ஒதுக்குபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

எவ்வளவு நல்ல துணைப்பாகமானாலும் அது ஓட வேண்டிய கோட்டில் ஓடவேண்டும். வரிசையையே பிடுங்கிப் போடும் ஓட்டத்துக்கு அமெரிக்க விவசாயிகள் ‘கல்டிவேட்டர் நோய்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னால் பூட்டிய கருவி, ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தவுடன் முதலில் வலப்புறமாகத்தான் வீசும். ஓட்டுநர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துத் திருத்துவதற்குள் பத்துச் செடி போய்விடும். அதனால்தான் பழைய வரிசைப்பயிர் டிராக்டர்கள் கருவியை இரு அச்சுகளுக்கும் நடுவே வயிற்றில் சுமந்தன. அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1948 முதல் 1955 வரை அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் செய்த ‘ஜி’ மாதிரி ஒரு படி மேலே போய் எஞ்சினையே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிட்டது. முன்னால் குழாய்ச் சட்டமும் அதில் தொங்கும் கத்தியும் மட்டுமே இருந்ததால், தன் காலடியில் செடி எங்கே, அலகு எங்கே என்பதை நேராகப் பார்த்தபடி ஓட்டலாம். உற்பத்தி நின்று எழுபது ஆண்டுகளாகியும் அந்தச் சிறு டிராக்டரைத் தேடி வாங்கும் காய்கறி விவசாயிகள் அங்கே இருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இன்னொரு விதியும் உண்டு: நான்கு வரிசை விதைப்பானால் விதைத்த வயலில் நான்கு வரிசை அல்லது அதைச் சமமாக வகுக்கும் இரண்டு வரிசைக் கருவியையே, விதைத்த அதே தொகுப்பில் ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டத்தில் விழுந்த வரிசைகள் தம்முள் இணையாக இருக்கும். அடுத்த ஓட்டத்துக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி ஓட்டுநரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

கருவியால் தீராத சிக்கலை விதை தீர்த்த கதையும் ஒன்று உண்டு. சர்க்கரை பீட்டின் இயல்பான விதை பல முளைகளின் கொத்து. எவ்வளவு துல்லியமாக விதைத்தாலும் ஓரிடத்தில் மூன்று நான்கு நாற்று முளைக்கும். அவற்றைக் களைந்து ஒன்றை நிறுத்த ஆட்கள் குனிந்து கொத்தவேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் இதற்கென ஓரடி நீளக் கைப்பிடி கொண்ட கொத்து இருந்தது. அதைப் பிடித்து நாள் முழுதும் வளைந்து நின்ற பண்ணைத் தொழிலாளர்களின் முதுகு கெட்டது; நீண்ட வழக்குக்குப் பின் 1975இல் அக்கருவி அம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டது. இதற்கு முன்பே, 1948இல் சவீட்ஸ்கி என்ற ஆய்வாளர் ஓரிகான் மாநில வயல் ஒன்றில் ஒற்றை முளை விதை தரும் செடிகளைக் கண்டெடுத்திருந்தார். அவற்றிலிருந்து பிறந்த ரகங்கள் செடிக்குச் செடி இடைவெளியை விதைக்கும்போதே நிலைநிறுத்தியதால், களைவதற்கான கூலி வேலை பெருமளவு மறைந்தது.

1940களின் நடுவில் 2,4-டி, 1950களின் முடிவில் அட்ரசீன், 1996இல் கிளைஃபோசேட்டைத் தாங்கும் சோயா என்று களைக்கொல்லிகளும் அவற்றைத் தாங்கும் பயிரும் வந்தபோது மேற்சொன்ன இரும்பெல்லாம் கொட்டகைக்குள் துருப்பிடித்தது. மருந்துக்குச் சாகாத களைகள் பெருகியதாலும், இயற்கை வேளாண்மைக்குச் சந்தை உருவானதாலும், ஐரோப்பாவில் மருந்துகள் ஒவ்வொன்றாக அனுமதி இழந்ததாலும் அது மீண்டும் வெளியே வந்தது. இம்முறை கண்ணோடு வந்தது. கருவியின் மேல் பொருத்திய கேமரா பச்சை வரிசையை மண்ணிலிருந்து பிரித்தறிந்து, நீரழுத்தத் தண்டின் மூலம் சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துகிறது. இங்கிலாந்தில் கார்ஃபோர்டு நிறுவனம் விற்கும் ரோபோகிராப் கருவியின் வரிசைக்குள் நுழையும் வகையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கிடைத்தட்டு மண்ணுக்குள் சுழல்கிறது. தட்டின் ஒரு பக்கம் பிறைபோல வெட்டப்பட்டிருக்கும். செடியைக் கடக்கும் நொடியில் அந்தப் பிறை செடிக்கு நேராக வரும்படி கணினி சுழற்சியைக் கூட்டியும் குறைத்தும் ஒத்திசைக்கிறது. செடி அந்த வெற்றிடத்தில் நின்றுகொள்ள, சுற்றிலும் களை அறுபடுகிறது. லேசரால் களையைச் சுடும் இயந்திரங்களும் வந்துவிட்டன. மண்ணைத் தொடாதவை என்பதால் அவை இங்கே நம் பேச்சுக்கு வெளியே.

இவற்றில் எது நம் வயலுக்கு வரும் என்று கேட்டால், கேமராவைவிடக் காப்புத் தகடு முதலில் வரவேண்டும் என்பேன். இங்கே பெருகியிருப்பது பவர் வீடர். சுழலும் கத்திகளின் இரு கோடியிலும் செடிக்காப்பு வட்டத் தகடுகளோடுதான் பல மாதிரிகள் வருகின்றன. ஆனால் அகலம் கூட்டி ஓட்டுவதற்காக அவற்றைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவது பரவலான பழக்கம். பின்பு பருத்தியும் மக்காச்சோளமும் மண்ணடித்துச் சாய்ந்தால் இயந்திரத்தின் மேல் பழி. சுழல்கத்திக்கு இன்னொரு தீய பக்கமும் உண்டு. கோரையின் கிழங்குக் கோவையையும் அருகின் தண்டையும் அது துண்டுதுண்டாக்கி வயல் முழுதும் பரப்பிவிடும். அவ்வகைக் களை மிகுந்த நிலத்தில் தட்டையான ஓரக் கத்தியே மேல். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, துளிர்க்கத் துளிர்க்க அறுத்து, கிழங்கின் சேமிப்பைத் தீர்க்க வேண்டும்.

ஒன்பது கொத்துக் கலப்பையில் நடுக்கொத்துகள் சிலவற்றைக் கழற்றிவிட்டுச் சிறு டிராக்டரை இடையுழவுக்கு ஓட்டும் விவசாயிகள் பல மாவட்டங்களில் உண்டு. அவர்கள் கொத்து நின்ற இடத்தில் ஓரக் கத்தியும், பக்கத்தில் ஒரு சோடித் தகடும் மாட்டுவதற்கு உள்ளூர்ப் பட்டறை போதும். தடையாக இருப்பது இரும்பு அல்ல, வரிசை. ஏருக்குப் பின்னால் சாலில் விதை போட்ட வயலில் 60 சென்டிமீட்டர் என்பது ஓரிடத்தில் 50 ஆகவும் இன்னோரிடத்தில் 70 ஆகவும் இருக்கும். மாடு அதற்கேற்ப வளைந்து நடக்கும், வாய்க்குக் கூடை கட்டிவிட்டால் பயிரையும் தின்னாது. ஐந்து சென்டிமீட்டர் நெருக்கத்தில் கத்தி மாட்டிய டிராக்டர் வளையாது. ஆகவே களைக் கருவிக்கென ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதியை விதைப்பானில் போடுவதே சிக்கனம்.

விதைப்பான் வரிசை கிடைத்துவிட்டால் பொருத்தும் முறை எளிது. நெற்களத்தின் சிமெண்ட் தரையில் வரிசை இடைவெளிப்படி சுண்ணாம்புக் கோடுகள் இழுத்து, கருவியை அதன் மேல் இறக்கி, ஒவ்வொரு கத்தியையும் கோட்டிலிருந்து அளந்து முடுக்க வேண்டும். வயலில் நின்று கண்ணளவில் முடுக்கியது ஒருபோதும் இருபுறமும் சமமாக வராது. முதல் ஓட்டத்தில் கத்தி செடிக்கு ஏழெட்டு சென்டிமீட்டரில், தகடு தரையில், வேகம் நடைவேகத்தில் இருக்கட்டும். இருபது மீட்டர் போனதும் இறங்கித் திரும்பி நடந்து, மண் மூடிய செடிகளையும் மூடாத களைகளையும் எண்ணிப் பார்த்துத் தகட்டை உயர்த்தவோ வேகத்தைக் குறைக்கவோ வேண்டும். காலை வெயில் ஏறியபின் ஓட்டினால் பெயர்ந்த களை மாலைக்குள் சுருண்டுவிடும்; மாலையில் ஓட்டி இரவில் மழை பெய்தால் பாதி மீண்டும் வேர்விடும். இரண்டாம், மூன்றாம் ஓட்டத்தில் கத்தி சற்று விலகி, தகடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து, சட்டி மண்ணை உள்நோக்கி அணைக்கும்படி மாற வேண்டும். மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டும்போது அதன் வேர்கள் வரிசை நடுவில் வந்து கைகோத்துவிடும். அப்போது தகட்டையும் கத்தியையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவிக் கொட்டகையில் மாட்டிவிட வேண்டியதுதான்.